பதின்மூன்று வரை எண்ணுங்கள்: இருபத்தெட்டு ஆடுகிறவர்களுக்கு பிரிட்ஜ் வழிகாட்டி

செங்கோட்டையில் சாரல் பிடித்துவிட்டால் திண்ணையில் பாய் விரியும், சீட்டுக்கட்டு வெளியே வரும். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊர் மலையாளத்துக்காரர்களோடு ஒரே மாநிலத்தில் இருந்தது. எல்லைக்கோடு புளியரைக்கு மேலே போய்விட்டது. இருபத்தெட்டு என்ற சீட்டாட்டம் மட்டும் எங்களிடமே தங்கிவிட்டது. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று இங்கே சிறுவர்களும் சொல்வார்கள்.

எங்கள் திண்ணையில் நான்கு பேர். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி என் கூட்டாளி. எதிரணியில் தென்காசியில் இருந்து வரும் கணக்கு வாத்தியாரும், புனலூரில் இருந்து ரயில் ஏறி வரும் சேட்டனும். ஆறு வருடங்களுக்கு முன் சேட்டன்தான் பிரிட்ஜைக் கொண்டுவந்தார். முதல் மாதம் நாங்கள் அடித்த கூத்தைச் சொன்னால் வெட்கம். ஆனால் அந்தத் தவறுகளில் பெரும்பாலானவை இருபத்தெட்டின் பழக்கங்கள். அதனால் இந்த வழிகாட்டியை அங்கிருந்தே தொடங்குகிறேன். ஏலம் கேட்பது, எதிரே இருக்கும் கூட்டாளி, துருப்பு, டபுள் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மீதிப் பாதியில்தான் ஆள் விழுவது.

எவற்றை மறக்க வேண்டும்

முதலில் சீட்டின் மதிப்பு. பிரிட்ஜில் ஏஸ்தான் பெரியது. அதன் பிறகு ராஜா, ராணி, ஜாக்கி, 10, 9 என்று இறங்கி 2 வரை. சேட்டன் இன்றும் ஜாக்கியைக் ‘குலான்’ என்று சொல்லி மரியாதை கொடுப்பார், ஆனால் இங்கே குலானுக்கு நான்காவது இடம்தான். 32 சீட்டு அல்ல, முழுக்கட்டு 52. ஆளுக்கு 13. சீட்டுப் போடுவதும் ஆடுவதும் கடிகாரம் சுற்றும் திசையில்; இருபத்தெட்டில் நாம் சுற்றுவது எதிர்த்திசை. முதல் வாரம் முழுவதும் அண்ணாச்சி தவறான பக்கமே திரும்பிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, பிடிக்குள், அதாவது ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகளுக்குள், இருக்கும் சீட்டுக்குப் புள்ளி கிடையாது. நான்கு ராஜாக்கள் விழுந்த பிடியும் ஒரு பிடி, நான்கு பொடிச் சீட்டுகள் விழுந்த பிடியும் ஒரு பிடி. மொத்தம் 13 பிடிகள். கேட்ட எண்ணிக்கையை எடுத்தோமா இல்லையா, அவ்வளவுதான் கணக்கு.

மூன்றாவது, துருப்பு கவிழ்த்து வைக்கப்படுவதில்லை. ஏலம் முடியும்போதே அது ஊரறிந்த விஷயம். ஏலத்தில் வென்ற அணியில் அந்த இனத்தை முதலில் சொன்னவர்தான் ஆட்டத்தை நடத்துகிறவர். அவருக்கு இடப்பக்கம் இருப்பவர் முதல் சீட்டை இறக்குவார். இறக்கியதும், நடத்துகிறவரின் கூட்டாளி தன் 13 சீட்டுகளையும் மேசையில் விரித்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் டம்மி. இரண்டு கைகளையும் நடத்துகிறவரே ஆடுவார். நம் ஊர்க்காரனுக்கு பிரிட்ஜிலேயே கடினமான பாடம் இந்த டம்மியாக உட்கார்ந்திருப்பதுதான். டீ போடப் போய்விடுங்கள்.

நான்காவது, கண் ஜாடை. இருபத்தெட்டில் மூக்கைச் சொறிந்தால் ஒன்று, காதைத் தொட்டால் ஒன்று என்று ஊருக்கு ஊர் ஒரு பாஷை உண்டு. தோற்றவர் காதில் குணுக்கு மாட்டுவதோடு சேர்த்து அதுவும் விளையாட்டின் சுவை. பிரிட்ஜில் அது திருட்டு. கூட்டாளிக்கு நீங்கள் சொல்ல விரும்புவதை ஏலத்தாலும் இறக்கும் சீட்டாலும் மட்டுமே சொல்லலாம். அந்தக் குறிப்புகளுக்கு என்ன பொருள் என்று எதிரணி கேட்டால் மறைக்காமல் விளக்கவும் வேண்டும். இரகசியம் சீட்டில் இருக்கலாம், மொழியில் இருக்கக் கூடாது.

ஏலத்தின் கணக்கு

ஒவ்வொரு கேள்வியிலும் ஓர் எண்ணும் ஓர் இனமும் இருக்கும். எண்ணோடு ஆறைக் கூட்டுங்கள். அத்தனை பிடி எடுக்கிறேன் என்று பொருள். ஒரு ஸ்பேட் என்றால் ஏழு பிடி, நான்கு ஸ்பேட் என்றால் பத்து. இனங்களின் ஏறுவரிசை கிளாவர், டைமன், ஆர்ட்டின், ஸ்பேட். எல்லாவற்றுக்கும் மேலே துருப்பே இல்லாத நோ டிரம்ப். ஒருவர் கேட்டபின் மூன்று பேர் தொடர்ந்து பாஸ் சொன்னால் ஏலம் முடிந்தது.

ஆறுக்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு பிடிக்கும் கிளாவர், டைமனில் 20, ஆர்ட்டின், ஸ்பேடில் 30. நோ டிரம்பில் முதல் பிடிக்கு 40, பிறகு 30. கேட்ட அளவே 100ஐத் தொட்டால் அது கேம். அதற்குப் பெரிய போனஸ் உண்டு. ஆக 3 நோ டிரம்ப், 4 ஆர்ட்டின், 4 ஸ்பேட், 5 கிளாவர், 5 டைமன் ஆகிய ஐந்தும் வாசல்கள். கிளாவரிலும் டைமனிலும் வாசலை எட்டப் பதினொரு பிடி வேண்டும் என்பதால், முடிந்தவரை மற்ற மூன்றையே நாடுவது வழக்கம். பன்னிரண்டு பிடிக்கும் பதின்மூன்று பிடிக்கும் தனி போனஸ்கள் இருக்கின்றன. முதல் ஆறு மாதம் அவற்றை மறந்துவிடுங்கள்.

கேட்டால்தான் போனஸ் என்ற இந்த முறையை 1925இல் ஹரால்ட் வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கர், பனாமா கால்வாய் வழியாகப் போன ஒரு கப்பல் பயணத்தில் உருவாக்கினார். கடலில் பொழுது போகாத நேரத்தில் பிறந்த கணக்கு. அதற்கு முந்தைய ஆக்‌ஷன் பிரிட்ஜில் குறைவாகக் கேட்டுவிட்டு நிறைய எடுத்தாலும் கேம் கணக்கில் சேரும். இவர் அந்த வாசலை அடைத்தார். ஏலத்துக்கு உயிர் வந்தது அதனால்தான்.

கையை எடை போடுவது

ஏஸ் 4, ராஜா 3, ராணி 2, ஜாக்கி 1. கட்டு முழுவதும் 40 புள்ளிகள். சராசரிக் கை 10. இரண்டு கைகளும் சேர்ந்து 25 அளவுக்கு இருந்தால் கேம் கேட்கலாம். 33 இருந்தால் பன்னிரண்டு பிடியை யோசிக்கலாம். துருப்பில் கூட்டாளியோடு பொருத்தம் கிடைத்தபின் குறைவான இனங்களுக்கும் மதிப்பு சேர்க்க வேண்டும். ஓர் இனத்தில் இரண்டே சீட்டு இருந்தால் 1 கூட்டுங்கள். நான்கு துருப்போடு ஆதரிக்கிற கையில் ஒற்றைச் சீட்டு இருந்தால் 3.

நாங்கள் ஆடும் முறை எளிமையானது. 12 புள்ளிக்கு மேல் இருந்தால் ஏலத்தைத் திறக்கலாம். ஆர்ட்டினோ ஸ்பேடோ சொல்ல ஐந்து சீட்டாவது வேண்டும். எந்தப் பக்கமும் சாயாத கை, 15 முதல் 17 புள்ளி என்றால் ஒரு நோ டிரம்ப். ஐந்து சீட்டு ஆர்ட்டினும் ஸ்பேடும் இல்லை, நோ டிரம்பும் பொருந்தவில்லை என்றால் கிளாவர், டைமன் இரண்டில் நீளமானதைச் சொல்லித் தொடங்கலாம்.

கூட்டாளி ஒரு ஸ்பேட் சொன்னபோது உங்களிடம் மூன்று ஸ்பேட் இருந்தால் பொருத்தம் கிடைத்தாயிற்று. மொத்த மதிப்பு 6 முதல் 9 என்றால் இரண்டு ஸ்பேட் சொல்லுங்கள். 10 முதல் 12 என்றால், நான்கு சீட்டு ஆதரவோடு, மூன்று ஸ்பேட். “மேலே போகத் தெம்பிருந்தால் போ” என்று அதற்குப் பொருள். 13 வந்தால் கேமுக்குப் போக வேண்டும். 6க்குக் கீழே பாஸ். கூட்டாளி ஒரு நோ டிரம்ப் சொல்லியிருந்தால் 8, 9 உள்ளவர் இரண்டு நோ டிரம்பும், 10க்கு மேல் உள்ளவர் மூன்று நோ டிரம்பும் சொல்லலாம். ஸ்டேமன், டிரான்ஸ்ஃபர் போன்ற, ஏலக் கேள்விக்குத் தனிப்பொருள் வைக்கும் ஏற்பாடுகள் பின்னால் வரட்டும். எங்கள் கணக்கு வாத்தியார் மூன்றாவது வாரமே எட்டு ஏற்பாடுகளை எழுதிக்கொண்டு வந்தார். அதில் ஆறு அவருக்கே மறந்துபோய், ஒருநாள் இரண்டு துருப்புகளோடு நான்கு ஆர்ட்டின் நடத்தினார்.

ஏலம் என்பது பேரம் அல்ல, உரையாடல். சந்தையில் விலையைக் குறைத்துக் கேட்பதுபோல இங்கே கையை மறைக்கக் கூடாது. உங்கள் கையின் நீளத்தையும் பலத்தையும் கூட்டாளிக்கு நேர்மையாகச் சொல்வதுதான் முதல் வேலை. எதிரணிக்கும் அது கேட்கும். கேட்கட்டும்.

ஒரு கை, முழுதாக

இந்தக் கையை நான்தான் கெடுத்தேன், அதனால் தயக்கமில்லாமல் எழுதலாம். நான் தெற்கு, அண்ணாச்சி வடக்கு, வாத்தியார் மேற்கு, சேட்டன் கிழக்கு.

தெற்கு, நான்:
ஸ்பேட் – ஏஸ், ராணி, ஜாக்கி, 7, 4
ஆர்ட்டின் – ஏஸ், 8, 3
டைமன் – ராஜா, 6, 2
கிளாவர் – 7, 5

வடக்கு, அண்ணாச்சி:
ஸ்பேட் – ராஜா, 9, 6, 2
ஆர்ட்டின் – 5
டைமன் – ஏஸ், 8, 4
கிளாவர் – ராணி, 9, 8, 4, 3

மேற்கு, வாத்தியார்:
ஸ்பேட் – 10, 8, 5
ஆர்ட்டின் – ராணி, 9, 6, 2
டைமன் – ராணி, ஜாக்கி, 10, 5
கிளாவர் – ஏஸ், 6

கிழக்கு, சேட்டன்:
ஸ்பேட் – 3
ஆர்ட்டின் – ராஜா, ஜாக்கி, 10, 7, 4
டைமன் – 9, 7, 3
கிளாவர் – ராஜா, ஜாக்கி, 10, 2

ஏலத்தை நான் ஒரு ஸ்பேட் என்று திறந்தேன்: 14 புள்ளி, ஐந்து ஸ்பேட். அண்ணாச்சிக்கு 9 புள்ளி; ஒற்றை ஆர்ட்டினுக்கு 3 சேர்த்து 12. மூன்று ஸ்பேட் சொன்னார். கிளாவரில் இரண்டே சீட்டு என்பதால் என் கை 15 ஆகிவிட்டது. நான்கு ஸ்பேட் சொன்னேன். எதிரணி முழுக்க பாஸ். இதுவரை குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

வாத்தியார் டைமன் ராணியை இறக்கினார். டம்மி விரிந்தது. இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் உட்கார வேண்டும். முதல் சீட்டுக்குப் பதில் சொல்லுமுன் திட்டம் முழுவதும் முடிந்திருக்க வேண்டும். பிரிட்ஜில் தோற்கிற ஆட்டங்களில் பாதி முதல் பிடியிலேயே தோற்கின்றன.

துருப்பு ஆட்டத்தில் இழக்கப்போகும் சீட்டுகளை எண்ணுவது வசதி. என் கையில் இருந்து பார்த்தால் ஸ்பேடில் இழப்பில்லை. ஆர்ட்டினில் ஏஸ் போக இரண்டு. டைமனில் ஒன்று. கிளாவரில் இரண்டு. ஆக ஐந்து. பத்துப் பிடி வேண்டுமானால் மூன்றுதான் இழக்கலாம். மிச்ச இரண்டை எங்கே ஒழிப்பது? டம்மியில் ஆர்ட்டின் ஒன்றே ஒன்று. ஏஸ் அடித்தபின் என் 3ஐயும் 8ஐயும் டம்மியின் துருப்பால் வெட்டலாம். அதற்கு டம்மியில் துருப்பு இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

நான் என்ன செய்தேன்? டைமன் ராஜாவால் பிடித்ததும், இருபத்தெட்டில் துருப்பு ஜாக்கி கையில் வந்தவனின் வேகத்தோடு எதிரணியின் துருப்பை உருவ ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. வாத்தியாரிடம் மூன்று இருந்ததால் மூன்று சுற்றும் தேவைப்பட்டது. முடித்துப் பார்த்தால் டம்மியில் ஒரே ஒரு துருப்பு. ஓர் ஆர்ட்டினை வெட்டினேன். இன்னொன்று கையில் நின்று பல்லிளித்தது. ஒன்பது பிடி. ஒன்று குறைவு.

சரியான வழி இது. டைமன் ராஜாவால் பிடியுங்கள். உடனே ஆர்ட்டின் ஏஸ். ஆர்ட்டின் 3ஐ டம்மியின் ஸ்பேட் 2ஆல் வெட்டுங்கள். ஸ்பேட் 6ஐ இறக்கி ஏஸுக்கு வாருங்கள். ஆர்ட்டின் 8ஐ இறக்கி ராஜாவாலேயே வெட்டுங்கள். பெரிய துருப்பால் வெட்டினால் மேலே வெட்டப்படும் பயமில்லை. பிறகு ஸ்பேட் 9ஐ ராணிக்கு இறக்கி, ஜாக்கியும் அடித்தால் வாத்தியாரின் 10 விழுந்துவிடும். மிச்சம் இரண்டு ஸ்பேடும் டைமன் ஏஸும் நிற்கின்றன. கையில் இருந்து ஐந்து ஸ்பேட், டம்மியில் இரண்டு வெட்டு, ஆர்ட்டின் ஏஸ், டைமன் இரண்டு. பத்து.

இதில் கவனிக்க வேண்டிய எண்ணிக்கை ஒன்று உண்டு. எங்களிடம் ஒன்பது துருப்பு, வெளியே நான்கு. அந்த நான்கும் இரண்டு இரண்டாகப் பிரிந்திருந்தால் என் அவசர ஆட்டத்திலும் பத்து கிடைத்திருக்கும். அப்படிப் பிரிவதற்கு 100க்கு 40 தான் வாய்ப்பு; மூன்று ஒன்றாகப் பிரிவதற்கு 50. வெளியே ஐந்து இருந்தால் நிலைமை வேறு: மூன்று இரண்டாகப் பிரிவதற்கு 68. மிஞ்சிய சீட்டு ஒற்றைப்படையாக இருந்தால் ஒழுங்காகப் பிரியும், இரட்டைப்படையாக இருந்தால் கோணலாகப் பிரியும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இரண்டே சீட்டு வெளியே இருக்கும்போது மட்டும் ஒன்று ஒன்றாகப் பிரிவதற்குச் சற்றே கூடுதல் வாய்ப்பு.

எண்ணுவது எப்படி

புனலூரில் இருந்து சேட்டன் வரும் பாதையில் தென்மலை தாண்டியதும் பதின்மூன்று கண் பாலம் வரும். மலையைக் குடைந்து 1904இல் வண்டி ஓடத் தொடங்கிய தடம் அது. சேட்டன் எங்களுக்குச் சொன்ன முதல் பாடமும் அந்தப் பாலம்தான். “ரயிலில் இருந்து கண்களை எண்ண வேண்டாம். பதின்மூன்று என்பது தெரியும் அல்லவா? எத்தனை தாண்டிவிட்டோம் என்று மட்டும் பார், மிச்சம் தானாக வரும்.”

ஒவ்வோர் இனத்திலும் 13, ஒவ்வொரு கையிலும் 13. விழுந்த எல்லாச் சீட்டையும் நினைவில் வைக்க முயன்றால் தலைவலிதான் வரும். வெளியே எத்தனை என்று முதலில் கழித்து வைத்துக்கொண்டு, விழ விழ அந்தச் சிறிய எண்ணைக் குறையுங்கள். ஒரு கையில் நான்கு இனங்களிலும் எத்தனை எத்தனை சீட்டு என்ற வடிவங்களையும் மனப்பாடம் செய்யலாம்: 4-4-3-2 தான் அடிக்கடி வரும் கை, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதற்கு அடுத்தது 5-3-3-2.

இதன் பலன் எங்கே என்றால், கிளாவர் ராணி யாரிடம் என்று தெரியாமல் தவிக்கும்போது. எதிரணியில் ஒருவர் ஏலத்திலேயே ஐந்து ஸ்பேட் காட்டினார். ஆர்ட்டினில் இரண்டாவது சுற்றிலேயே சீட்டில்லை, ஆக ஒன்று. டைமனில் மூன்று சுற்று கொடுத்து நான்காவதில் கைவிரித்தார், ஆக மூன்று. ஐந்தும் ஒன்றும் மூன்றும் ஒன்பது. மிச்சம் நான்கு, எல்லாம் கிளாவர். உங்களிடமும் டம்மியிலும் சேர்ந்து ஏழு கிளாவர் என்றால் வெளியே ஆறு. நான்கு இவரிடம், இரண்டு மற்றவரிடம். ராணி இவரிடம் இருக்க இரண்டுக்கு ஒன்று வாய்ப்பு. பாதிக்குப் பாதியாக இருந்த ஊகம் மூன்றில் இரண்டாகிவிட்டது. ராஜா, ஜாக்கிக்கு நடுவே இந்த ராணியை நழுவவிடாமல் பிடிக்கும் ஆட்டத்துக்கு ஃபினெஸ் என்று பெயர். அதை எந்தப் பக்கமாக ஆடுவது என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவு செய்கிறவரும் எண்ணி முடிவு செய்கிறவரும் ஒரே சீட்டைத்தான் இறக்குகிறார்கள். மாதக் கடைசியில் கணக்கு நோட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

தடுப்பாட்டம்

பாதி நேரம் நீங்கள் தடுப்பவர்தான். ஏலம், நடத்துவது, தடுப்பது மூன்றிலும் கடினம் இது; கூட்டாளியின் கை தெரியாமல் இரண்டு பேர் சேர்ந்து ஒரு சுவர் எழுப்ப வேண்டும்.

முதல் சீட்டுக்கு எங்கள் வழக்கம் இது. ராணி, ஜாக்கி, 10 போலத் தொடர்ச்சி இருந்தால் அதன் தலைச்சீட்டு. நோ டிரம்புக்கு எதிராக, தொடர்ச்சி இல்லையென்றால் நீளமான இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டு. துருப்பு ஆட்டத்தில் ஏஸை வைத்துக்கொண்டு அதன் கீழிருந்து பொடிச் சீட்டு இறக்காதீர்கள். ஒற்றைச் சீட்டு இருந்தால் அதை இறக்கி, அடுத்த சுற்றில் வெட்டப் பார்க்கலாம்.

நான்காவது சீட்டு என்ற இந்த வழக்கத்துக்குப் பின்னால் அழகான கணக்கு ஒன்று இருக்கிறது. கூட்டாளி இறக்கிய சீட்டை 11இல் இருந்து கழியுங்கள். வருகிற விடைதான், மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து அதைவிடப் பெரிய சீட்டுகளின் எண்ணிக்கை. ஏஸை 14 என்று வைத்தால், 6க்கு மேலே எட்டுச் சீட்டுகள் உண்டு. அதில் மூன்று இறக்கியவரிடம். மிச்சம் ஐந்து. 14இல் மூன்றைக் கழித்தால் 11, சூத்திரம் பிறந்தது அங்கேதான்.

எங்கள் கூட்டாளித்தனம் கிட்டத்தட்ட முறிந்த கையும் இதுதான். சேட்டன் தெற்கில் ஒரு நோ டிரம்ப் திறந்தார், வாத்தியார் மூன்றுக்கு உயர்த்தினார். மேற்கில் அண்ணாச்சி ஆர்ட்டின் 6 இறக்கினார். டம்மியில் ராணி, 7, 5. சேட்டன் அதிலிருந்து 5 போட்டார். கிழக்கில் என்னிடம் ஏஸ், 10, 4.

‘மூன்றாவது கை பெரியதைப் போடு’ என்று பழமொழிபோல ஒன்று உண்டு. ஏஸைப் போட்டேன், பிடித்தேன், 10ஐத் திருப்பினேன். டம்மியின் ராணி ஏறி உட்கார்ந்தது. சேட்டனிடம் மற்ற எட்டுப் பிடிகளும் தயாராக இருந்தன. ஒன்பதும் எடுத்து நோட்டில் எழுதிவிட்டார்.

11இல் 6 போனால் 5. டம்மியில் ராணியும் 7உம் இரண்டு. என்னிடம் ஏஸும் 10உம் இரண்டு. சேட்டனிடம் 6க்கு மேல் ஒரே ஒரு சீட்டு. அது 9 அல்லது 8 என்றால் என் 10 பிடிக்கும். ராஜாவோ ஜாக்கியோ என்றாலும் 10 போடுவதால் நட்டமில்லை, ஏனென்றால் என் ஏஸ் டம்மியின் ராணிக்குக் காவலாக நிற்கிறது. அவரிடம் இருந்தது 9உம் 2உம். 10 போட்டிருந்தால் முதல் பிடி நமக்கு, அடுத்து ஏஸ், பிறகு 4ஐ இறக்கினால் அண்ணாச்சியின் ராஜா ராணியை விழுங்கும், ஜாக்கியும் 8உம் பின்னால் வரும். அவர் கையில் ராஜா, ஜாக்கி, 8, 6, 3. ஐந்து ஆர்ட்டின் பிடிகள், ஆட்டம் முதல் ஐந்து சீட்டிலேயே முடிந்திருக்கும்.

குறிப்புச் சீட்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டாளி இறக்கிய இனத்தில் தேவையில்லாமல் பெரிய பொடிச் சீட்டு போட்டால் ‘தொடரு’, சிறியது போட்டால் ‘வேறு பார்’. நடத்துகிறவர் ஓர் இனத்தை ஓட்டும்போது முதலில் பெரியது, பிறகு சிறியது போட்டால் உங்களிடம் அந்த இனத்தில் இரட்டைப்படை. சிறியது முதலில் என்றால் ஒற்றைப்படை. இவ்வளவையும் கூட்டாளி கவனித்தால்தான் பயன். அண்ணாச்சி டம்மியைப் பார்ப்பார், விட்டத்தில் பல்லியைப் பார்ப்பார், என் சீட்டை மட்டும் பார்க்க மாட்டார்.

ஆட்டத்தைப் பேசுவது

அந்த ஆர்ட்டின் 10க்குப் பிறகு நானும் அண்ணாச்சியும் இரண்டு வாரம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. “ஏஸைப் போட உனக்கு யார் சொன்னது?” என்று அவர் கேட்டார். “நீங்கள் இறக்கியது நான்காவது சீட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்?” என்று நான் கேட்டேன். இரண்டுமே பயனற்ற கேள்விகள். சேட்டன் தலையிட்டுச் சில ஒழுங்குகளை வைத்தார். இன்றுவரை அவை நிற்கின்றன.

ஆட்டம் நடக்கும்போது ஒரு சொல் கூடாது. கை முடிந்த உடனேயும் கூடாது. நான்கைந்து கைகள் ஆடி டீ வந்தபின்தான் பேச்சு. அதற்குள் சூடு தணிந்திருக்கும். பேச வேண்டிய கைகளின் நான்கு பக்கச் சீட்டுகளையும் நோட்டில் எழுதி வைப்பது வாத்தியாரின் வேலை. நினைவில் இருந்து பேசினால் ஒவ்வொருவர் நினைவிலும் ஒரு கை இருக்கும்.

பேசும்போது ஏலம், நடத்திய விதம், தடுப்பு மூன்றையும் கலக்கக் கூடாது. முதலில் ஏலம்: கேட்டது சரியான ஒப்பந்தமா? அது முடிந்தபின் மற்றவை. ஏலத்தில் போன பிழைக்குத் தடுப்பாட்டத்தை வைத்துப் பழிவாங்குவது எங்கள் பழைய வழக்கம்.

நான்கு கைகளையும் பார்த்தபின் ஊரில் எல்லோரும் மேதைகள். அதனால் தவறு செய்தவர் தன் கையையும் டம்மியையும் மட்டும் திறந்து வைத்து, அந்த நொடியில் தனக்கு என்ன தெரிந்திருந்தது என்று முதலில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். என் நான்கு ஸ்பேட் கையை அப்படிப் பேசியபோதுதான், துருப்புகள் இரண்டு இரண்டாகப் பிரிந்திருந்தாலும் என் ஆட்டம் தவறுதான் என்று எனக்கே விளங்கியது. பத்துப் பிடி கிடைத்திருந்தால் யாரும் அந்தக் கையை எடுத்திருக்கவே மாட்டார்கள்.

கேள்வியின் தொனியும் முக்கியம். ‘ஏன் அப்படிச் செய்தாய்’ என்று கேட்டால் தற்காப்புதான் வரும். ‘அப்போது என் கையில் என்ன இருக்கும் என்று நினைத்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வரும், சில நேரம் தவறு கேட்டவரிடமே இருப்பதும் தெரியவரும். அண்ணாச்சி ஒருநாள் இப்படிக் கேட்டு, தானே ஐந்தாவது சீட்டை நான்காவதாக இறக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார். அன்று டீக் காசு அவருடையது.

கடைசியாக ஒரு வழி: எட்டுப் பேர் சேர்ந்தால் இரண்டு மேசை போடுங்கள். ஒரு மேசையில் ஆடிய அதே சீட்டுகளைக் கலைக்காமல் ஆளுக்கான நான்கு உறைகளில் போட்டு அடுத்த மேசைக்கு அனுப்புங்கள். இங்கே வடக்கு-தெற்கு ஆடிய அணியின் மற்ற இருவர் அங்கே கிழக்கு-மேற்கு. நல்ல சீட்டு வந்தது, கெட்ட சீட்டு வந்தது என்ற சாக்கு இரண்டு அணிக்கும் போய்விடும். கேம் போனஸோடு நான்கு ஸ்பேட் 420 பெறும். அதையே ஒன்று குறைத்தவருக்கு 50 நட்டம். வித்தியாசம் முழுக்க ஆடியவர் கணக்கில். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் ஆண்கள் இணை ஆட்டத்தில் தங்கம் வாங்கியது இந்த முறையில்தான், ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஒப்பிட்டு. அப்போது ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. அண்ணாச்சி அந்தச் செய்தியை வெட்டி நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறார்.

‘சூதாட்டம்’ என்று வீட்டில் முணுமுணுப்பு வந்தால், 1967இல் ஆந்திராவில் இருந்து போன ரம்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னபோது, அதில் உள்ள அதிர்ஷ்டத்தை பிரிட்ஜில் சீட்டு விழும் அதிர்ஷ்டத்தோடு ஒப்பிட்டது என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எடுபடவில்லை. காசு வைத்து ஆடுவதை நிறுத்தியபின்தான் திண்ணைக்கு டீ வந்தது.

நான்காவது ஆள் வராத நாள்களில் நாங்கள் மூவரும் கட்டைக் கலைத்து நான்கு கைகளாகப் போட்டு, ஏலத்தை மட்டும் கேட்போம்; நான்காவது கைக்கு எப்போதும் பாஸ். இருபது கை ஆனதும் சீட்டைத் திறந்து, கேட்டது சரிதானா என்று பார்ப்போம். மழை நின்றிருந்தால் சேட்டன் மாலை வண்டிக்குக் கிளம்பிவிடுவார். நிற்காவிட்டால் இன்னும் பத்துக் கை.